மீசையும் முகமூடியும்: பங்கோர் கடலில் நீர்க்கசிவு குறித்து ஓர் ஆய்வு

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் பங்கோர் தீவுக்குப் போய், கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் முகம் கவிழ்த்துக் கிடக்கும் வழக்கம் இன்னும் அறிஞர்கள் கண்ணில் படவில்லை. மாசி மகத்துக்கு அதே தீவின் காளியம்மன் கோயிலில் திரளும் கூட்டத்தை வியப்பவர்கள்கூட, தெலுக் நீப்பாவில் ஆரஞ்சுச் சட்டையோடு மிதக்கும் சித்தப்பாக்களைக் கண்டும் காணாமல் போகிறார்கள். இக்கட்டுரை அக்குறையைப் போக்க எழுந்தது.

பினாங்கிலோ போர்ட் கிள்ளானிலோ சொகுசுக் கப்பலேறி, வழியில் ஏதோ ஒரு தீவில் இறக்கிவிடப்படுகிறவர்களை இவ்வாய்வு சேர்க்கவில்லை. அவர்களுக்குக் கப்பலிலேயே சோறு போடுகிறார்கள். நம் ஆய்வுக்குரியோர் சோற்றைச் சுமப்பவர்கள். ஈப்போ, சித்தியவான் தாண்டி லுமுட்டில் வண்டியை நிறுத்தியதும் ஃபெரியில் முதலில் ஏறுவது ஐஸ் பெட்டி; அடுத்து நாசி லெமாக் பொட்டலங்கள்; கடைசியாகப் பாட்டி. தெலுக் நீப்பாவில் போட்காரரிடம் பேரம் முடிந்தால் எதிரே இருக்கும் கியாம் தீவு. ரொட்டித் துண்டைப் போட்டால் வரிமீன்கள் வரும்.

கருவி பழையது. யானை தும்பிக்கையை நீருக்கு மேல் நீட்டி மூச்சு விடுவதை, முக்குளிப்போர் வைத்திருக்கும் மூச்சுக்கருவியோடு அரிஸ்டாட்டிலே ஒப்பிட்டிருக்கிறார். குழாயை நீளமாக்கினால் இன்னும் ஆழம் போகலாமே என்று கேட்க ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மச்சான் உண்டு. போக முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சின் மேல் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதை எதிர்த்து மேல்காற்றை இழுக்க மூச்சுத் தசைகளுக்குத் தெம்பு போதாது. போதாக்குறைக்கு, விட்ட மூச்சே நீளக் குழாயில் தங்கித் திரும்பி வரும். மச்சான் இதை ஒப்புக்கொள்வதில்லை.

முகமூடிக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. 1877இல் பேராக்குக்கு வந்த ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் கால மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கிறது. சுங்கை சிப்புட்டும் அதே மாவட்டம்தான். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக மரம் வெட்டினார்கள் நம் தாத்தாக்கள். மங்கில் வடிந்த அந்தப் பால், பழைய முகமூடிகளின் கறுப்பு விளிம்பாகி எந்தெந்த நாட்டுக் கடலிலோ இறங்கியிருக்கும். வெட்டியவர்கள் இறங்கவில்லை. தோட்டங்கள் துண்டாகி, செம்பனை வந்து, பேரப்பிள்ளைகள் பட்டணத்து வேலைக்குப் போன பிறகே கடலுக்குப் போகக் காசும் லீவும் கிடைத்தன. அதற்குள் விளிம்பு சிலிக்கோனுக்கு மாறிவிட்டது.

இனி மையச் சிக்கல். முகமூடியின் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் உள்ளே காற்று நிற்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே மீசை இருந்தால், ஒவ்வொரு முடியோரமும் ஒரு சிறு வாய்க்கால். தண்ணீர் கசிந்து மூக்கடியில் தேங்கும். மூக்கை ஒட்டிய ஓரத்தை மட்டும் மழிப்பதே உலகெங்கும் சொல்லப்படும் பரிகாரம். இதைத் தெலுக் நீப்பா மணலில் ஓர் இளைஞர் முன்மொழிந்தபோது நடந்த விவாதம் வருமாறு:

“மாமா, அந்த ஓரத்த மட்டும் லேசா எடுத்துருங்கலா.”

“எடுத்துட்டு, நாளைக்குச் சம்பந்தி வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?”

எதிர்வாதம் எழவில்லை. அடுத்த பரிகாரம் வாசலின் தடவி வாய்க்கால்களை அடைப்பது. வாசலின் இயற்கை ரப்பரைக் கெடுக்கும். ஆக, தாத்தா வெட்டிய பாலில் செய்த விளிம்பாக இருந்தால் இது கூடியே இருக்காது. அத்தையின் கைப்பையில் இருந்ததோ தேங்காய் எண்ணெய். அதைத் தடவியதும் மீசை மினுங்கியது, முகமூடி வழுக்கியது, கசிவு அப்படியே இருந்தது.

ஆனாலும் அன்று பெரிய மீனைப் பார்த்தவர் மாமாதான். இதை உடனே பொய் என்று தள்ளிவிடலாகாது. தட்டைக் கண்ணாடி வழியே நீருக்குள் பார்க்கும் பொருள், இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். முக்கால் தூரத்தில் இருப்பதுபோலவும் தோன்றும். எனவே கரையேறியவர் கையை விரித்துக் காட்டும்போது, அந்த அளவுக்கு ஒளியியல் பொறுப்பேற்கிறது. அதற்கு மேலான வளர்ச்சி ஈப்போவைத் தாண்டும்போது வண்டிக்குள் நிகழ்வது. மறுத்துச் சாட்சி சொல்லவும் ஆளில்லை: மலாக்கா நீரிணையின் தண்ணீர் பெர்ஹெந்தியான் பக்கம்போலத் தெளிவாக இராது. பக்கத்தில் மிதந்தவருக்கு மாமாவின் கால்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது.

வீடு வந்து சேர்ந்த மீன்களில் ஆய்வாளருக்கு அளவு கிடைத்தது ஒன்றுக்குத்தான். அது பங்கோர் நெத்திலிக் கருவாடு. கடைக்காரரின் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் அத்தை வாங்கியது.