ஹாலில் அம்மா தூங்குகிறாள்

உலக விளையாட்டு அமைப்புகளுக்கும் மயிலாப்பூர் ஃபிளாட்வாசிகளுக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஆட்டத்தையெல்லாம் நாம் கொட்டாவி விடும் நேரமாகப் பார்த்து வைப்பார்களா? ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீக் தொடங்கும்போது லஸ் கார்னரில் நாய்கள் மட்டும்தான் விழித்திருக்கும். 2024 ஏப்ரலில் செஸ் கேண்டிடேட்ஸ் போட்டியைக் கொண்டுபோய் டொரான்டோவில் வைத்தார்கள். அங்கே மதியம் இரண்டரை என்றால் இங்கே சரியாக நள்ளிரவு 12. ஆடிய எட்டுப் பேரில் குகேஷ், பிரக்ஞானந்தா என்று இரண்டு சென்னைப் பையன்கள். பெண்கள் பிரிவில் பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி. ஊர்ப் பிள்ளைகள் உலக மேடையில் காய் நகர்த்தும்போது போர்த்திக்கொண்டு படுக்க மனசு வருமா?

மனசு வரவில்லை. ஆனால் ஹாலில் அம்மா தூங்குகிறாள். டிவிக்கு நேர் எதிரே அவளுடைய திவான். சட்டமும் அம்மா கட்சிதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. மார்கழி மாத விடியற்காலையில் இந்த விதி எந்த ஊருக்குப் போய்விடுகிறதோ, அது வேறு விஷயம்.

“செஸ்ஸுக்கு எதுக்குங்க சத்தம்?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் வர்ணனை இல்லாவிட்டால் இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். யாருக்குத் தலை போகப்போகிறது என்பது தெரியாது.

வீட்டில் நல்ல ஹெட்போன் ஒன்று இருந்தது. அக்கா பையன் ஜெர்மனியிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. தடிமனான ஒயர், அதன் முனையில் கால் அங்குலத் தடியில் ஒரு பிளக். அந்த பிளக் சாமானியப்பட்டது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் சொருகிச் சொருகி எடுத்தார்களே, அதே வம்சம். அதற்குத் தம்பி முறையான 3.5 மில்லிமீட்டர் பிளக் டிரான்சிஸ்டர் ரேடியோவோடு வந்து, வாக்மேனோடு ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் டிவியில் அண்ணனுக்கும் ஓட்டை இல்லை, தம்பிக்கும் இல்லை. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்குப் பின்னால் இரண்டு விரல்தான் போகும். ஒரு கையில் செல்போன் டார்ச்சும் மறு கையில் துழாவலுமாக ஒட்டடையைத் தாண்டிப் போனால், சின்னதாகச் சதுரக் கதவு போட்ட ஒரு பொந்து தட்டுப்பட்டது. பக்கத்தில் ‘ஆப்டிகல்’ என்று எழுதியிருந்தது.

“இதுக்கெல்லாம் எதுக்கு மாமா மெனக்கெடறீங்க? ப்ளூடூத் போட்டுட்டுப் போங்க” என்று மைத்துனன் தன்னுடைய ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தான். போட்டுப் பார்த்தேன். ப்ளூடூத்தில் டிவி சத்தத்தைச் சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்புகிறது. ஹெட்போன் அதைப் பிரித்துக் காதில் ஊற்றுகிறது. சாதாரண முறையில் இதற்கே 200 மில்லி விநாடி ஆகிவிடும். வடிவேலு அறை வாங்கி, கன்னத்தைத் தடவ ஆரம்பித்த பிறகுதான் ‘பளார்’ கேட்கும். ஒலி அந்த நேரத்தில் காற்றில் கிட்டத்தட்ட 68 மீட்டர் போய்விடும். மியூசிக் அகாடமியில் டிக்கெட் வாங்கிவிட்டு கேன்டீனில் உட்கார்ந்து மிருதங்கம் கேட்கிற கதைதான். சத்தம் படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலே நமக்கு உறுத்தும், பிந்தினால் 125 வரை தெரியாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்குச் சொல்கிறது. மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்காகக் காத்திருந்தே பழகிய காது, தாமதத்தை மன்னிக்கும். ஆனால் 200-ஐ மன்னிக்காது. லேட்டன்சி குறைந்த ப்ளூடூத்தும் இருக்கிறது. ஆனால் அதற்கு டிவி, ஹெட்போன் இரண்டுமே ஒத்துவர வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் என்ன, ரிச்சி தெருதான். அண்ணாசாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக் கிடக்கும் அந்தப் பேட்டையில் கிடைக்காத ஒயர் இன்னும் பிறக்கவில்லை. தி.நகரில் புடவைக்கு நிற்பதுபோல் யோசித்துக்கொண்டு நின்றால் இங்கே வேலைக்கு ஆகாது. கேள்வி உங்களை நோக்கி வரும்.

“டிவில ஆப்டிகல் அவுட் இருக்கா சார்?”

“இருக்கு.”

“ஹெட்போன் எத்தினி ஓம்?”

300 என்றேன். கடைப் பையன் முதல்முறையாக நிமிர்ந்து என்னை மரியாதையோடு பார்த்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கன்வெர்ட்டர். ஆனால் இந்தச் சின்னப் பெட்டி 300 ஓமைத் தள்ளாது, கூட ஒரு ஆம்ப் வேண்டும் என்றான். ஓம் ஏற ஏற, போதிய சத்தம் வர வோல்டேஜும் ஏற வேண்டுமாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கன்வெர்ட்டர். பெட்டியின் விலை சில நூறு ரூபாய்தான். இந்த ஆப்டிகல் ஆடியோ கேபிள் 1983-இல் தோஷிபா கொண்டுவந்த சமாசாரம். அதில் மின்சாரம் ஓடாது, வெளிச்சம்தான் ஓடும். கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஒரு முனையைச் சொருகி, மறு முனையை உள்ளங்கையில் பிடித்துக் காட்டினான். பொட்டளவு சிவப்பு வெளிச்சம். “இதான் சார் சத்தம்” என்றான். கூடவே இரண்டு உபதேசம்: “முனையில பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழட்டிட்டுச் சொருகுங்க. செட்டிங்ஸ்ல சவுண்டை பிசிஎம்-னு வையுங்க. டால்பில இருந்தா இந்தப் பெட்டிக்குப் புரியாது.”

பெட்டியையும் ஆம்பையும் வாங்கிவந்து மாட்டினேன். எல்லாம் சொன்னபடி நடந்தது. நள்ளிரவு 12-க்கு வர்ணனையாளர் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார். ஹால் நிசப்தம். அடுத்த நிமிஷம் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டா, டிவி ரிப்பேரா?”

சாயங்காலம் சீரியலில் நாலு மாமியார்கள் ஒரே நேரத்தில் அலறும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவள்தான். சேனலை மாற்றினால் மட்டும் கண்ணைத் திறக்காமலே “நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்” என்பாள். சத்தம் அவளுக்குத் தாலாட்டு. நிசப்தம்தான் அலாரம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எழுந்தவள் சும்மா இருப்பாளா? நெற்றியில் விபூதி வைத்த அந்தப் புள்ள யாரு, கண்ணாடிக்காரன் எதுக்கு முறைக்கிறான், இவனுங்க சாப்டாங்களா என்று வரிசையாகக் கேட்டாள். நான் பதில் சொன்னேன். பதில் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். நான் கத்தியதாக மனைவி சொல்கிறாள். காதில் வேறு சத்தம் நிறைந்திருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது டாக்டர் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். அந்த விளைவுக்கு அவர் பேர்தான். ஹெட்போன் கம்பெனிக்காரர்கள் இதைப் பெட்டிமேல் அச்சடிப்பதில்லை. டிவியின் டெசிபல் பூஜ்யம், என்னுடையது எல்லை கடந்தது. வீட்டுக் கணக்கில் மிச்சம் ஒன்றுமில்லை.

14 சுற்றுகளும் இப்படியே ஓடின. கடைசிச் சுற்றில் குகேஷ் நகமுராவோடு டிரா செய்துவிட்டார். இன்னொரு பலகையில் கருவானாவும் நெபோம்னியாஷியும் ஆடி ஆடி அதுவும் டிரா ஆனபோது, 17 வயதுப் பையன் கேண்டிடேட்ஸை ஜெயித்துவிட்டார். அதுவரை அந்த வயதில் யாரும் ஜெயித்ததில்லை. நானும் அம்மாவும் சேர்ந்து போட்ட கூச்சலில் மாடி வீட்டில் விளக்கு எரிந்தது.

இப்போது பகலில் ஹெட்போன் அம்மா தலையில். சீரியல் அவளுக்கு மட்டும் கேட்கிறது. காலிங் பெல், குக்கர் விசில், பால்காரர் குரல் எதுவும் கேட்பதில்லை. “அத்தை! அத்தை!” என்று மனைவி சமையலறையிலிருந்து கத்துவது அடையாறு வரை கேட்கும்.

“ராத்திரி நீங்க, பகல்ல அத்தை. எனக்கு எதுவுமே கேக்காத ஹெட்போன் ஒண்ணு வாங்கிக் குடுங்க, போதும்” என்றாள் அவள்.

மறுபடி ரிச்சி தெரு. இருக்கிறது, நாய்ஸ் கேன்சலிங் என்று பேர். கேட்பதற்குச் சில நூறு, கேட்காமலிருப்பதற்குப் பல ஆயிரம். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடக்குமாம். ஃபேன், ஏசி, ஃபிளைட் இரைச்சலுக்கெல்லாம் அருமை; மனுஷக் குரலுக்குத்தான் முழுசாக மசியாது என்றான் பையன்.

வீட்டில் வந்து சொன்னேன்.

“அப்ப வேணாம்” என்றாள்.