சாகாத கலம் கேட்கிற தம்பிக்கு

எடேய் தம்பி, இஞ்சை வா. காலி வீதியிலை என்னவோ இளமைக் குளிசை வாங்கினியாம். கலம் சாகாமல் காக்குமெண்டு போத்திலிலை எழுதிக் கிடக்காம். நல்லது. சாக மறுக்கிற கலத்துக்கு மகரகமப் புற்றுநோய் ஆசுப்பத்திரியிலை என்ன பேர் சொல்லுறவை எண்டும் கேட்டனியோ?

உன்ர மாமன் இருக்கிற மெல்பேர்ணிலைதான் டேவிட் வோக்ஸ், சுசான் கோரி, ஜெரி அடம்ஸ் எண்ட மூண்டு பேரும் 1988இலை சாக மறுக்கிற கலத்தின்ர கதையைக் காட்டினவை. பிசிஎல்-2 எண்டொரு புரதம். கலத்தைப் பெருகு எண்டு அது சொல்லாது, சாகாதை எண்டுதான் சொல்லும். பழுதான கலம் தன்ரபாட்டிலை போய்ச் சேர வேண்டிய நேரத்திலை கையைப் பிடிச்சு இருத்திப்போடும். பிறகு இன்னும் ரெண்டொரு பிழை சேர்ந்தால் புற்றுநோய். 2016இலை அமெரிக்காவிலை அனுமதிச்ச வெனிட்டோகிளாக்ஸ், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற மருந்து, அந்தப் புரதத்தைத்தான் அடக்குது.

கிழட்டுக் கலங்களின்ர கதையும் அதுதான். பிரியிறதை நிப்பாட்டிப்போட்டும் போகாதுகள். மாடிவீட்டிலை பென்சனோடை குந்தியிருக்கிற என்னைப் போலை, வேலை இல்லை, வாய் ஓயாது. பக்கத்துக் கலங்களிலை அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்குங்கள். (மருமகளிட்டைக் கேட்டுப் பாராதை.) உதுகளைக் கலைக்க நவிட்டோகிளாக்ஸ் எண்ட மருந்தைக் கிழட்டு எலியளுக்குக் குடுத்தவை. குருதி உண்டாக்கிற மூலக் கலங்கள் திரும்பத் தெம்பாச்சுதாம். மனிசருக்குக் குடுத்தால் பிளேட்லெட் இறங்குது. பிளேட்லெட்டும் பிசிஎல்-2 குடும்பத்துப் புரதம் ஒண்டிலைதான் உயிரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கு. பிளேட்லெட் இறங்கினால் என்ன பயமெண்டு கொட்டாஞ்சேனையிலை டெங்குக்கு முழிச்சிருந்த தாய்மாரைக் கேள்.

அது கிடக்கட்டும், கன்னத்துக்குள்ளை என்ன? வெத்திலைக் கூறோ? புகையிலை இல்லை, பாக்கு மட்டும்தான் எண்டு சிரிக்காதை. பாக்குத் தனியவே புற்றுநோய் தருமெண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலை அறிக்கை போட்டிட்டுது. இலங்கை ஆம்பிளையளுக்கு முதல் இடத்திலை நிக்கிறது வாய்ப் புற்றுநோய். ஒரு கன்னத்தாலை கலத்தைக் கெடுக்கிறாய், மற்றக் கன்னத்தாலை அது சாகாமலிருக்க மருந்து விழுங்கிறாய். கெட்டிக்காரன்தான்! துப்பிப்போட்டு வெளிக்கிடு, பல் டொக்டரிட்டை வாயைத் திறந்து காட்டுவம். ஆட்டோக் காசு நான் தாறன். நீதான் எல்லாத்தையும் குளிசைக்குக் குடுத்திட்டியே.