கொட்டுனவன் பேரை வெட்டிராதய்யா

எய்யா பேராண்டி, இங்கன வந்து உக்காரு. காதுல மாட்டியிருக்கியே பூட்டாங்கயிறு, அதைச் செத்த கழத்தி வையி. கிழவன் நாலு வார்த்தை சொல்லணும்.

மகாராஜபுரம்னு ஊர்ப்பேரைச் சொன்னா, சங்கீதம் தெரிஞ்சவுக நிமிந்து உக்காந்து விசுவநாதய்யர் ஊரான்னு கேப்பாக. அது தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரம், நம்மளது வத்திராயிருப்புப் பக்கத்து மகாராஜபுரம், இங்க வெளையுறது தேங்காயும் மாங்காயும்தான்னு சொல்லிச் சொல்லியே நான் ஓஞ்சு போனேன். இனி அந்தக் கவலை இல்ல. மச்சுல நீ ராத்திரி பூரா போடுற சத்தத்தைக் கேட்டுட்டு, சதுரகிரிக்குப் போற கூட்டம் நம்ம வாசல்ல நின்னு, “இங்க மாவு மில்லு ராத்திரியும் ஓடுமா”ன்னு விசாரிச்சுட்டுப் போகுது. ஊருக்குப் பேர் வந்துருச்சு.

நம்ம நாய் மட்டும் ஒரு முகம் சுழிக்காம உன் காலடியிலயே படுத்துக் கெடக்கு. முதல் ரசிகன்னு நீ பெருமைப்பட்டுக்கிட்டே. ராஜபாளையம் நாயப்பா அது. அந்த இனத்துல பல குட்டிக்குப் பொறவியிலயே காது கேக்காது.

நீ என்ன வேலை செய்யுறேன்னு உங்கம்மாளுக்கு நான்தான் விளங்க வச்சேன். எவனோ என்னைக்கோ அடிச்ச ட்ரம்ஸ்ல, பாட்டெல்லாம் ஓஞ்சு கொட்டு மட்டும் தனியாக் கேக்குற எடத்தை உருவுறான். பிரேக்குன்னு பேராம். அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பதினாறு துண்டா அரியுறான். ஒண்ணாந் துண்டை ஏழாவது எடத்துல வைக்கிறான், ஏழாவதை ரெண்டு தடவை வைக்கிறான், ஒண்ணைத் தலைகீழாத் திருப்புறான். “அப்பக் கறிக்கடை வேலைதான மாமா”ன்னா உங்கம்மா. “இல்லத்தா, கறிக்கடையில வெட்டுனா ஆடு போச்சு. இவன் வெட்டுனா வேற ஆடு ஒண்ணு எந்திரிச்சு ஓடும்”னேன். உனக்காக வக்காலத்து வாங்கியிருக்கேன், மறந்துராதே. ஆனாலும் நீ அரிஞ்சு போட்ட கொட்டுக்கெல்லாம் கட்டுப்போடணும்னா, சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ் துணி மொத்தமும் பத்தாது.

மெஷின்னாலே எனக்கு ஆகாதுன்னு நெனைக்காதே. மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்துக்காரரு இளையராஜா, 1986ல ‘புன்னகை மன்னன்’ படத்துக்குச் சீக்வென்சர்ல இசை போட்டாரு. அப்ப அவரு கூட வேலை பாத்த பையன்தான் ஏ.ஆர்.ரகுமான். அந்தத் தீம் மியூசிக்கைக் கேட்டுட்டு ரெண்டு நாளு மாட்டுக்குத் தவிடு வைக்க மறந்தவன் நானு. வெட்டு, ஒட்டு, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.

போன தீவாளிக்கு நீ சொன்ன கதைதான் என்னை உறங்க விட மாட்டேங்குது. 1969ல அமெரிக்காவுல வின்ஸ்டன்ஸ்னு ஒரு குழு. ‘அமென், பிரதர்’னு ஒரு பாட்டு, அதுவும் தட்டோட பின்பக்கத்துல. நடுவுல எல்லாரும் நிப்பாட்டிக்கிட, கிரிகரி கோல்மன் மட்டும் நாலு ஆவர்த்தம் அடிக்காரு. ஏழு வினாடி சொச்சம். வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற நேரம். முதல் ரெண்டு ஒழுங்காப் போகுது. மூணாவதுல ஒரு அடியைச் செத்தத் தள்ளிப் போடுதாரு. நாலாவது தொடங்குற எடத்துல கையை எடுத்துடுதாரு. அந்தப் பள்ளத்துலதான் உலகமே தடுக்கி விழுந்துச்சு. 1990கள்ல லண்டன் பொடிசுக அதே துண்டை எடுத்து, அரிஞ்சு, நிமிசத்துக்கு 160, 170 அடின்னு வெரட்டி, ஜங்கிள்னு புதுசா ஒரு இசையையே உண்டாக்கிட்டாக. ஆயிரக்கணக்கான பாட்டுல அந்தக் கை இருக்காம்.

அந்தக் கைக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டேன். நீ போனைப் பாத்துக்கிட்டே சொன்னே: ஒண்ணும் வரல தாத்தா, 2006ல வீடு வாசல் இல்லாமச் செத்துப் போனாருன்னு. குழுவை நடத்துன ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 1996 வரைக்கும் சங்கதியே தெரியாது. தெரிஞ்சப்ப வழக்குப் போடுற கெடுவும் தாண்டிருச்சு. 2015ல ரசிகர்கள் வசூல் பண்ணி 24,000 பவுண்டு குடுத்தாக. கோல்மனுக்கு அதுவும் இல்ல.

ஆகையினால நீ முன்னுக்கு வர ஒரு புத்தி சொல்றேன், கேட்டுக்கோ. எந்தக் கொட்டுக்காரன் பக்கமும் போயிராதே. போனா டீ வாங்கிக் குடுக்கணும், பேட்டா குடுக்கணும், அவன் பிள்ளை என்ன படிக்கிதுன்னு விசாரிக்கணும். வீண் செலவு. போனைத் தட்டுனா வந்து விழுற துண்டுகளை எடுத்துக்கோ. ஃபைலுக்குப் பேர் வைக்கையில ‘ட்ரம் 3 கடைசி, கடைசியிலும் கடைசி’ன்னு வையி, அடிச்சவன் பேரை மட்டும் வச்சிராதே. பேரு இருந்தா கணக்கு வரும். அப்புறம் எல்லா அடியையும் கம்ப்யூட்டர் கட்டத்துக்குள்ள இழுத்து வச்சு நேராக்கு. கோல்மன் தள்ளிப் போட்ட அந்த அடியையும் சேத்துத்தான். தென்னம்பிள்ளை நட்ட மாதிரி வரிசையா இருந்தாத்தான் பாக்க லெச்சணமா இருக்கும். கேக்கத்தான் நாய் இருக்கே.

முறைக்காதே. பங்குனிப் பொங்கலுக்கு நையாண்டி மேளம் வந்தப்போ நீ ஒளிஞ்சு நின்னு போன்ல பிடிச்சதைப் பாத்தேன். மறுநா மச்சுல இருந்து, “கட்டத்துல உக்கார மாட்டேங்குது, வேகம் ஏறிக்கிட்டே போகுது”ன்னு பொலம்பல். சாமி எறங்குற நேரமய்யா அது! சாமி நிமிசத்துக்கு எத்தனை அடிக்கு வரும்னு உன் கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கா?

தவிலைச் சுளுவா அரிஞ்சுட்டே. பம்பையையும் அரிஞ்சுட்டே. உறுமிக்கிட்டதான் மாட்டுனே. உன் மெஷினு சத்தம் திடீர்னு எகிறுற எடத்தைப் பாத்து அங்கன கோடு போடும். அடிச்சா எகிறும். உறுமிக்காரன் வலக்கைக் குச்சியாலதான் அடிக்கான், இடது பக்கம் வளைஞ்ச குச்சியை வச்சுத் தோலைத் தேய்க்கான். தேய்க்கிற சத்தம் எகிறாது. வயித்துக்குள்ள இருந்து முக்கிக்கிட்டே வரும். எங்க தொடங்குச்சு, எங்க முடிஞ்சுச்சுன்னு உன் மெஷினுக்குப் பிடிபடல. அதான் அந்த எடமெல்லாம் பாதியில அறுபட்டு விக்குது. அதை நீயாக் காதால கேட்டுத்தான் வெட்டணும். அந்தக் கை எப்பிடிப் போகுதுன்னு நேர்ல பாத்தாத்தான் காதுக்குப் புரியும். அதுக்கு ஒளிஞ்சு நின்னா ஆகாது.

லண்டன்ல பொறந்த ஈழத்துப் பிள்ளை மாயா, எம்.ஐ.ஏ.ன்னு உலகத்துக்கே தெரிஞ்சவ. அவ என்ன துண்டு கெடைக்காமலா சென்னைக்கு வந்து உறுமியைப் பதிவு பண்ணிட்டுப் போனா? 2007ல வந்த அந்த ஆல்பத்துக்கு ‘கலா’ன்னு ஆத்தா பேரு. அதுக்கு முந்தினது ‘அருளர்’, அய்யா பேரு. ஒருத்தருக்கு நாம கடன்பட்டிருந்தா அவுக பேரை மேல எழுதணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்கக்கா வக்கீலுக்குப் படிக்கிறவ, அவகிட்டக் கேட்டுப் பாரு. 2012ல திருத்துன காப்புரிமைச் சட்டத்துல, கொட்டுனது நான்தான்னு தன் பேரைப் போடச் சொல்லிக் கேக்குற உரிமை கொட்டுறவனுக்கும் இருக்குன்னா. எனக்கென்ன தெரியும், நான் தவிடு வைக்கிறவன்.

அடுத்த பொங்கலுக்கும் அதே செட்டுதான் வருது, அச்சாரம் குடுத்தாச்சு. நல்ல மைக்கா ஒண்ணு வாங்கிக்கோ, நான் தேங்காய் போட்ட காசு தாரேன். ஒளியாம முன்னால போயி நில்லு. உங்க கொட்டை வெட்டி இன்ன மாதிரி செய்யப் போறேன்னு உறுமிக்காரன்கிட்டச் சொல்லு, சம்மதம் கேளு, கூலியைப் பேசிக் கையில குடு. பாட்டுல காசு வந்தா அதுல எவ்வளவு பங்குன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் வச்சுக்கோங்க. பெறகு பதினாறா அரி, அறுபதா அரி, உன் இஷ்டம்.

பேரைக் கேட்டு எழுதிக்கோ. எழுத்துப்பிழை இல்லாம.