முக்கால் டாலர் துண்டு விழுந்த கதை

1986 ஆகஸ்டில் உலகம் நிம்மதியாக இல்லை. செர்னோபில் வெடித்து நாலே மாதம். ஏவுகணைகளை வானத்திலேயே சுட்டு வீழ்த்த ஒரு வேலி போடப்போவதாக அமெரிக்க அதிபர் ரீகன் 1983-லிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். போட்டுத்தான் பாரேன் என்று மாஸ்கோ உறுமிக்கொண்டிருந்தது. அக்டோபரில் ரீகனும் கோர்பச்சேவும் ரெய்க்யவிக்கில் உட்கார்ந்து, அணு ஆயுதங்களையே ஒழித்துவிடலாமா என்கிற அளவுக்குப் பேசி, கடைசியில் இந்த வேலித் தகராறில் முறுக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். இரண்டு வல்லரசுகளும் ஒன்றையொன்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துவந்த அந்த நாளில்தான், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கு 75 சென்ட் இடித்தது.

கணக்கைச் சரிபார்க்கும் வேலை கிளிஃபர்ட் ஸ்டால் தலையில் விழுந்தது. வானியல்காரர். தொலைநோக்கிக்குக் கண்ணாடி வடிவமைத்துக்கொண்டிருந்தவரை, மானியம் தீர்ந்ததும் கணினிப் பிரிவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். புது ஆள் கையில் சில்லறை வேலையைத் திணிப்பது எந்த ஆபீசிலும் உள்ள வழக்கம்தான். அன்றைக்குக் கணினியை எத்தனை நொடி பயன்படுத்தினாலும் காசு. ‘ஹன்டர்’ என்று ஒரு பயனர் ஒன்பது நொடி ஓட்டியிருக்கிறார். பில் அனுப்ப விலாசம் இல்லை. துருவிப் பார்த்தால், எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்ட ஒருவரின் கணக்கிலும் யாரோ உலவிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் காலியானதும், சகாக்களின் மேசைகளிலிருந்து பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் யாரையும் கேட்காமல் வாரிக்கொண்டு வந்தார். வெளியிலிருந்து கணினிக்கு வரும் தொலைபேசி இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒன்றைச் செருகிவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொண்டார். திருடன் வந்தான். அவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் முழக்கணக்கில் இறங்கியிருந்தது. மின்னஞ்சலை இடம் மாற்றும் ஒரு சாதாரண நிரலுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் கொடுத்துவைத்திருந்தார்கள். அதன் வழியே நுழைந்தவன், கணினி சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ஓட்டும் நிரலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை அங்கே வைத்தான். கணினியும் பெற்ற தாயைப்போல அடைகாத்துப் பொரித்தது. பின்னாளில் ஸ்டால் தன் புத்தகத்துக்குக் குயில் முட்டை என்று பெயர் வைத்தது இதனால்தான்.

சரி, போலீசில் சொல்வோம் என்று போனார். எஃப்.பி.ஐ. நஷ்டம் எவ்வளவு என்று கேட்டது. முக்கால் டாலர். போனை வைக்காமல் விட்டார்களே, அதுவே மரியாதை. சி.ஐ.ஏ. கேட்டுக்கொண்டது, எங்கள் இலாகா இல்லை என்றது. என்.எஸ்.ஏ. இன்னும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டது, ஒன்றும் சொல்லவில்லை. விமானப்படைப் புலனாய்வுக்கு மனசு இருந்தது, மார்க்கம் இல்லை. சோவியத் யூனியன் மூச்சுவிட்டால் கேட்கிற அமைப்புகள் இவை. ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருவன் நடமாடுகிறான் என்றால், எந்த ஃபைலில் போடுவது என்று தெரியாமல் பந்தை ஆளுக்கு ஆள் உருட்டினார்கள்.

திருடனோ சுறுசுறுப்பு. பெர்க்லியைத் திண்ணையாக்கிக்கொண்டு நானூறுக்கு மேற்பட்ட ராணுவ, ஆராய்ச்சிக் கணினிகளின் கதவைத் தட்டினான். முப்பதுக்கு மேல் திறந்தன. அவன் மேதை என்று நினைக்க வேண்டாம். பயனர் பெயர் ‘சிஸ்டம்’ என்றால் கடவுச்சொல் ‘மேனேஜர்’, பெயர் ‘ஃபீல்டு’ என்றால் கடவுச்சொல் ‘சர்வீஸ்’. தயாரித்த கம்பெனி வைத்துக்கொடுத்ததை யாரும் மாற்றவில்லை. வர்ஜீனியாவில் மைட்டர் என்ற பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரரின் மோடத்தில் ஏறி, அவர்கள் செலவிலேயே வெளியூர் அழைப்புகள் போட்டான். மைட்டர் பில்லைக் கட்டிக்கொண்டிருந்தது.

அவன் ஏதாவது முக்கியமான கோப்பை இறக்கத் தொடங்கினால் ஸ்டால் ஓடிப்போய்த் தன் சாவிக்கொத்தை இணைப்புக் கம்பிகளின்மேல் உரசுவார். அந்தப் பக்கத்தில் லைன் சரியில்லாததுபோல எழுத்துகள் குழம்பும். அவன் அலுத்துப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அந்த நேரத்தில் அமெரிக்க ராணுவ ரகசியங்களுக்கு இருந்த காவல் அந்தச் சாவிக்கொத்து ஒன்றுதான்.

ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று, பதில் வரும் தாமதத்தை வைத்து ஸ்டால் கணக்குப் போட்டார். ஒளியின் வேகத்தில் பெருக்கினால் திருடன் நிலாவில் இருந்தான். நல்லவேளை, வழியில் உள்ள தாமதங்களைக் கழித்ததும் ஐரோப்பா பக்கம் இறங்கினான். தடம் பிரேமன் பல்கலைக்கழகம் வழியாக மேற்கு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போனது. அங்கே சிக்கல். தொலைபேசி நிலையம் பழைய இயந்திரக் காலத்தது. ஓர் ஆள் நேரில் போய்க் கையால் தடம் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை திருடனை உட்காரவைக்க வேண்டும்.

வழி சொன்னவர் ஸ்டாலின் தோழி மார்த்தா. யோசனை பிறந்த இடம் குளியலறை. ரீகனின் வேலித் திட்டத்துக்கென ஒரு பொய் வலையமைப்பை உண்டாக்கினார்கள். நிஜமான அரசாங்கக் கடிதங்களை எடுத்து, பெயர்களையும் துறைகளையும் மாற்றி, பக்கம் பக்கமாகக் கோப்பு தயாரித்தார்கள். அந்த நடையில் உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்பது அவர்களுக்குப் பெரிய வசதி. இல்லாத திட்டத்துக்கு பார்பரா ஷெர்வின் என்று இல்லாத ஒரு செயலாளரையும் நியமித்தார்கள். 1987 ஜனவரியில் திருடன் வந்தான், பார்த்தான், எழுந்திருக்கவே இல்லை. ஜெர்மன்காரர்கள் நிதானமாகத் தடம் பிடித்தார்கள். ஆள் பெயர் மார்க்குஸ் ஹெஸ். சில மாதம் கழித்து, அந்த இல்லாத பார்பராவுக்கே ஆவணங்கள் கேட்டு பிட்ஸ்பர்கிலிருந்து தபாலில் ஒரு கடிதமும் வந்துசேர்ந்தது. அதற்கப்புறம்தான் எஃப்.பி.ஐ. வேட்டியை மடித்துக் கட்டியது.

ஹெஸ்ஸும் கூட்டாளிகளும் கிடைத்ததையெல்லாம் கிழக்கு பெர்லினில் கே.ஜி.பி.க்கு விற்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கார்ல் கோக் என்ற இளைஞர் 1989-ல் ஒரு காட்டில் எரிந்துகிடந்தார். இந்தக் கதையில் சிரிக்க முடியாத இடம் அது ஒன்று. 1990-ல் செல்லே நகர நீதிமன்றம் ஹெஸ் உள்ளிட்ட மூவருக்குத் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. வீட்டுக்குப் போனார்கள்.

இடையில், ஸ்டாலை அழைத்து அக்கறையாக விசாரித்த என்.எஸ்.ஏ.யின் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி ராபர்ட் மாரிஸுக்கு ஒரு மகன் இருந்தார். அவரும் ராபர்ட் மாரிஸ்தான். 1988 நவம்பரில் அந்தப் பிள்ளை அவிழ்த்துவிட்ட ‘புழு’ அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிப்போட்டது. கே.ஜி.பி. அத்தனை பணம் செலவழித்தும் அந்தச் சேதத்தில் காலணா அளவு செய்யவில்லை.

இத்தனையும் கண்ட ஸ்டால், 1995-ல் நியூஸ்வீக் பத்திரிகையில் இணையமாவது மண்ணாவது என்று ஒரு கட்டுரை எழுதினார். கணினி வலை ஒருநாளும் செய்தித்தாளுக்கு மாற்றாகாது என்று அடித்துச் சொன்னார். 2012 டிசம்பர் 31 இதழோடு நியூஸ்வீக் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குக் குடிபோனது. பிறகு அச்சுக்குத் திரும்பினார்கள் என்பது வேறு விஷயம். ஸ்டாலின் கட்டுரையை இன்று நீங்கள் இணையத்தில்தான் தேடிப் படிக்க வேண்டும்.