ஒரே ஒரு ரவுண்டு

குதிரை வளர்ப்பவன் தோட்டத்துக்கு யாரும் குதிரையைப் பார்க்க மட்டும் வருவதில்லை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் காரிலிருந்து இறங்குவார்கள். கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அப்புறம் விலையைக் கேட்பார்கள். "இந்தக் காசுக்கு ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாமுங்களே" என்று எனக்காக வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் ஆறுவதற்குள் கையைப் பிசைந்துகொண்டு அது வந்துவிடும்: "ஒரே ஒரு ரவுண்டு..."

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். வள்ளி, அந்தியூரில் வாங்கிய கத்தியவாரிப் பெட்டை. ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் அந்தச் சந்தையில் சுழி பார்த்து, பல்லைப் பிடித்து வயது பார்த்து, விலை படியாமல் நாலெட்டு நடந்து, பிறகு திரும்பி வந்து வாங்கியது. உள்பக்கமாக வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காதுகள் அவளுக்கு. இன்னொன்று துரை. ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற காயடித்த ஆண். ஓய்வு என்பது நாம் சொல்வது. துரைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அதே தோப்பில் நாலு கறவை மாடுகளும் நிற்கின்றன. வந்தவர் யாரும் "ஒரு தடவை கறந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்டதில்லை. டிராக்டர் நிற்கிறது, அதையும் கேட்டதில்லை. குதிரை மட்டும் எப்படியோ ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. கேட்கும்போது அது வண்டி. தீவனச் செலவைப் பேசினால் உடனே பிராணி. "வாயில்லா ஜீவனுக்குப் போடறது புண்ணியமுங்க" என்பார்கள். புண்ணியத்தில் பங்கு கேட்பவரை மட்டும் நான் பார்த்ததில்லை.

கேட்பவர்களில் மிகவும் ஆபத்தானவர், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர். "எனக்கு நல்லா வருமுங்க, கொடைக்கானல்ல ஓட்டியிருக்கேன்" என்பார். ஏரியைச் சுற்றிப் போகும் அந்தக் குதிரைக்கு வழி தெரியும், எந்த இடத்தில் போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்பது தெரியும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே அதன் சொந்தக்காரர் வேறு நடப்பார். ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். ஊட்டி, மெரினா அனுபவசாலிகளும் இதே வகை. அந்தத் தைரியத்தோடு துரைமேல் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவர் பயந்தால் இரண்டு காரியம் செய்வார்: காலால் குதிரையின் விலாவை இறுக்கிக்கொள்வார், கையால் கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பார். விலாவில் கால் அழுத்தினால் எந்தக் குதிரைக்கும் 'போ' என்றுதான் அர்த்தம். இறுக்கிப் பிடித்த வார்மேல் சாய்ந்துகொண்டு ஓடத்தான் ரேஸ் குதிரைக்குப் பழக்கம். ஆக மேலே இருப்பவர் 'நில்லு நில்லு' என்று அலற அலற, கீழே இருப்பவருக்கு 'இன்னும் வேகம்' என்று கேட்கும். இதில் துரையைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை.

எங்கள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இதையெல்லாம் விளக்கமாட்டார். "தாராளமா ஏறலாமுங்க" என்பார். "எறங்கறது எப்பன்னு அதுதான் முடிவு பண்ணும்."

என் மச்சினன் விஷயத்தில் அதை வள்ளி முடிவு செய்தாள். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை ஊதி வைத்துக்கொள்ளும். இறுக்கியாயிற்று என்று நாம் கையை எடுத்ததும் மூச்சை விடும். வார் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் ஒரு நடை நடத்தி, மறுபடி இறுக்கிய பிறகே ஏறுவது வழக்கம். வள்ளிக்கு அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் அதிகம். பெரியவர் முதல் தடவை இறுக்கிவிட்டுத் தண்ணீர் வாளியை எடுக்கப் போன இடைவெளியில், "நீங்க வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்துர்றேன் மாமா" என்று மச்சினன் அங்கவடியில் காலை வைத்து எம்பினான். சேணம் அவனோடு சேர்ந்து மெதுவாக, அவசரமே இல்லாமல், குதிரையின் பக்கவாட்டில் இறங்கியது. வள்ளி ஓடவில்லை, உதைக்கவில்லை. கழுத்தை வளைத்துத் தன் வயிற்றுக்கடியில் தொங்கும் ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொள்ளுத் தொட்டிக்குத் திரும்பிவிட்டாள். அவன் சட்டை கிழிந்தது தவிர வேறு சேதமில்லை. ஆனால் மாமியார் வீட்டில் இன்றுவரை பேச்சு, "அக்காளைக் கட்டிக் குடுத்த வீட்டுல புள்ளையக் குதிரை தூக்கிப் போட்டுருச்சு" என்பதுதான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் குழி பறிப்பதைக் குதிரைக்கு விடுவதில்லை.

கல்யாண சீசனில் வேறு கூட்டம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வடநாட்டு பாணியில் குதிரை வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. "வெள்ளைக் குதிரை இல்லீங்களா?" என்பது முதல் கேள்வி. செவலைதான் இருக்கிறது என்றால், முகம் சுருங்கி, "பரவால்லீங்க, போட்டோவுல மாத்திக்கலாம்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வார்கள், நான் என்னவோ தருவதாகச் சொல்லிவிட்டது போல. செண்டை மேளம், பேப்பர் வெடி, ஆயிரம் வாலா, இவற்றுக்கு நடுவில் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையைத் துரைமேல் உட்கார வைத்தால் முகூர்த்த நேரத்தில் அவர் உடுமலையில் இருப்பார்.

தேர்தல் நேரத்தில் ஒரு சுயேச்சை வேட்பாளர் வந்தார். குதிரையில் போய் மனு தாக்கல் செய்தால் டிவியில் வருமாம். பட்டாசு உண்டா என்று கேட்டேன். "சத்தியமா இல்லீங்க, வெறும் தாரை தப்பட்டைதான்" என்றார். அவருக்குக் கிடைக்கக்கூடிய வாக்குகளை இழக்கவேண்டாம் என்று பணிவாகத் திருப்பி அனுப்பினேன்.

ஏறாமல் கேட்பவர்களும் உண்டு. கருப்புக் குதிரையின் தேய்ந்த லாடத்தில் மோதிரம் செய்து போட்டால் சனி விலகும் என்று ஒருவர் தேடி வந்தார். என்னிடம் கருப்புக் குதிரை இல்லையே என்றேன். லாடத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லாடம் கருப்புதானுங்களே?" என்றார். கொடுத்துவிட்டேன். அந்த அளவுக்குத் தெளிவோடு கேட்பவரைத் தடுக்கக் கூடாது. ஆனால் அந்த லாடம் ஒவ்வொன்றும் எப்படி வருகிறது என்று அவருக்குத் தெரியாது. குதிரைக்குக் குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் சந்தைக்குச் சந்தை இருக்கிறார்கள். குதிரைக்கு அடிக்கத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் கிடைப்பதுதான் உண்மையான குதிரைக்கொம்பு.

தின்பண்டத்தோடு வருகிறவர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். முறுக்கு, லட்டு, காலையில் மிஞ்சிய இட்லி. "ஆசையா திங்குதுங்க பாருங்க!" என்பார்கள். ஆசையாகத்தான் தின்னும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. இரைப்பையின் வாய்த் தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வயிற்றுச் சூலைதான், அது உயிரையும் வாங்கும். கோவையிலிருந்து டாக்டர் வரும்வரை, படுத்துப் புரளாமல் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் குதிரையை நடத்திக்கொண்டிருப்பவன் நான். லட்டு கொடுத்தவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். குதிரைக்குக் கண்டதைத் தின்னக் கொடுப்பது புதிய பழக்கமும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்குவதையும், பார்த்துக்கொள்ளத் தெரியாமல் அவை மடிந்துபோவதையும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுவதையும் எழுதி வைத்திருக்கிறார். பாண்டியன் செய்ததை எழுநூறு வருஷம் கழித்து என் சகலை முறுக்கோடு வந்து தொடர்கிறார்.

இவர்களுக்கெல்லாம் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் போயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். கொங்கு நாட்டில் சொந்தக்காரரிடம் முடியாது என்று சொல்ல ஒரு சொல் கிடையாது. "பாக்கலாமுங்க" என்று ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டவர் 'சரி' என்று புரிந்துகொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவார். ஆகவே காரணங்கள் தேவைப்பட்டன. உடம்பு சரியில்லை என்றால் கஷாயம் சொல்கிறார்கள். உதைக்கும் என்றால் மீசையை முறுக்குகிறார்கள். சினையாக இருக்கிறது என்பது நல்ல காரணம். குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம், கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு நிம்மதி. இதை என் மனைவி ஒரு நாள் போனில் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்தி, "ரெண்டுமே சினையா இருக்குதுங்க சித்தி" என்று சொல்லிவிட்டாள். சித்தி கீரைக்கட்டும் வெல்லமுமாக, வளைகாப்புக்கு வந்த முகத்தோடு வந்து இறங்கினார். துரையைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "ஏங்கண்ணு, இது ஆம்பளையல்லோ?" என்றார். என் மனைவி அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே போனவள்தான்.

அதற்கப்புறம் தராசைக் கண்டுபிடித்தேன். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, அதுவும் சேணத்தையும் சேர்த்து, என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. வள்ளி 350 கிலோ. ஐந்தில் ஒன்று 70. சேணம், மெத்தை எல்லாம் 8 போனால் மீதி 62. தீவனம் நிறுக்கும் பிளாட்பாரத் தராசை லாயத்து வாசலிலேயே போட்டுவிட்டு, "ஏறி நில்லுங்க, இதுல பாஸானா அதுல ஏறலாம்" என்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணமான ஆண் 62 கிலோவில் இருந்தால் அவரைக் குதிரையில் ஏற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப் போகவேண்டும். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். ஒருவர் செல்போன், பர்ஸ், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு நின்றார், 91.

தேசிங்கு ராஜன் கதையை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் தராசு வேலை செய்யாது. 1714-ல் போர்க்களத்தில் மாண்ட அந்தச் செஞ்சிக்காரரைப் பற்றிய கதைப்பாடலில், டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்க முடியாமல் அப்பா சிறைப்படுகிறார். பிள்ளை போய் ஏறி அடக்கி அவரை மீட்டு வருகிறான். "தேசிங்கு மட்டும் கத்துக்கிட்டா ஏறினான்?" என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள் பாதுஷாதான். குதிரைமேல் ஏற வந்து முடியாமல் போனவரை உள்ளே போடும் வசதி அவருக்கு இருந்தது.

எனக்கு இருக்கும் ஒரே வசதி லத்தி. ஒரு குதிரை நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ லத்தி போடும். இங்கே இரண்டு. "ஒரு மணி நேரம் லாயம் கூட்டிக் கொடுங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்றால், அத்தனை பேருக்கும் அவசர வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது. தேங்காய் உரிக்க வருபவரின் மகள், ஒன்பதாவது படிக்கிற பெண், இப்படிச் சொல்லாமலே கூட்டினாள். ஏறட்டுமா என்று கேட்டதே இல்லை. குளம்பிடுக்கில் அடைந்த சேற்றைக் குச்சியால் எடுக்கவும், குதிரைக்குப் பின்னால் நேராக நிற்கக் கூடாது, அதன் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது என்பதையும் பெரியவரிடம் கற்றுக்கொண்டாள். ஒரு சாயங்காலம் பெரியவரே அவளைத் தூக்கி வள்ளிமேல் உட்கார வைத்தார். இப்போது தோப்புக்குள் தனியாகவே ஓட்டுகிறாள். விளைவு: "அந்தப் புள்ளைக்குக் குடுக்கறீங்க, சொந்தக்காரன் எனக்குக் குடுக்க மாட்டீங்களா?" என்று சகலை ஒரு மாதமாகப் பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள். காலை ஆறு மணிக்குள் வரவேண்டும், செருப்பில்லாமல் ஷூ போட்டுக்கொண்டு. தின்பண்டம் கொண்டுவர வேண்டாம். வெள்ளைக் குதிரை கிடையாது. மண்வெட்டி இரண்டு இருக்கிறது, கூடையை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.