திரும்ப மறுத்த டப்பா

உத்தமபாளையத்தில் பாதிக் கடைகளின் சுவரில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் இருப்பார். வேறு யார், நம்ம பென்னிகுயிக்தான். எங்கள் வீட்டுக் காலண்டரிலும் அவரேதான். மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டவர். அணை வேலையை 1887-ல் ஆரம்பித்து 1895-ல் முடித்தார். கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மனிதர் அசரவில்லை. இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்றுத்தான் அணையைக் கட்டினார் என்று இந்தப் பக்கம் பச்சைக் குழந்தையும் சொல்லும். அதற்குப் பத்திரம் எங்கே என்று வரலாற்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்கள் வெளியூர், கேட்கலாம். நான் இங்கே தண்ணீர் குடிக்கிறவன், கேட்க மாட்டேன்.

அந்த மகான் ஒரு ஆற்றையே திருப்பினார். நான் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தகர டப்பாவை இடது பக்கமாகத் திருப்ப முடியாமல் இரண்டரை மணி நேரம் மாருதி 800-க்கு அடியில் கிடந்தேன்.

ஆயில் ஃபில்டர். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். உள்ளே மடித்து மடித்து வைத்த காகிதம், வாயில் ஒரு ரப்பர் வளையம், நடுவில் மரை. ‘சர்வீஸுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும், நாமே பண்ணிக்கொள்வோம்’ என்ற ஞானம் எனக்கு யூடியூபில் கிடைத்தது. அந்த வீடியோவில் ஒருவர் ஃபில்டரை ஜாம் பாட்டில் மூடி மாதிரி கையாலேயே கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மல்லாக்கப் படுத்திருப்பவனுக்கு வரலாறு நிறைய ஞாபகம் வரும். முதலில் வந்தவர் ஹென்றி ஃபோர்டு. 1908-ல் மாடல் டி காரை விட்டார், ஒன்றரைக் கோடி வண்டி விற்றார். அதில் ஆயில் ஃபில்டர் உண்டா? சார், ஆயில் பம்பே கிடையாது! உள்ளே சுற்றுகிற சக்கரம் எண்ணெயை வாரி வாரி இறைக்கும். வாய்க்காலில் இறங்கிய பொடியன்கள் தண்ணீர் அடிக்கிற மாதிரிதான். எங்கே படுகிறதோ அங்கே லூப்ரிகேஷன், படாத இடத்துக்குக் கடவுள் துணை. எண்ணெய் அளவு பார்க்கக் குச்சியும் இல்லை. வண்டிக்கடியில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு குட்டிக் குழாய்கள். மேல் குழாயில் எண்ணெய் வந்தால் ஜாஸ்தி. கீழ்க் குழாயில் வராவிட்டால் சோலி முடிந்தது. அதைத் திறந்து பார்க்க ஓனர் தரையில் ஊர்ந்து உள்ளே போக வேண்டும். சாதாரண ஜனமும் கார் வாங்கலாம் என்று ஆக்கிக் காட்டிய மேதை, அதே ஜனத்தைக் கோட்டு சூட்டோடு புழுதியில் படுக்கவும் வைத்தார்.

எஞ்சின் எண்ணெயில் கரியும் இரும்புத் துகளும் சேரும், அதை வடிகட்ட வேண்டும் என்பது ரசம் வைக்கத் தெரிந்த யாருக்கும் தோன்றியிருக்கும். கார்க்காரர்களுக்குத் தோன்ற 1923 வரை ஆயிற்று. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்று இரண்டு பேர் ஒரு ஃபில்டரைக் கண்டுபிடித்து, அதற்கு ‘ப்யூரோலேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ப்யூர் ஆயில் லேட்டர்’ என்பதன் சுருக்கமாம். அதாவது சுத்தமான எண்ணெய் உண்டு, ஆனால் அப்புறம். இவ்வளவு நேர்மையான வாக்குறுதியை நான் எந்தத் தேர்தல் அறிக்கையிலும் பார்த்ததில்லை. மறு வருடமே கிரைஸ்லர் தன் புதுக் காரில் ஃபில்டர் போட்டு, என்னமோ எண்ணெயையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி விளம்பரம் செய்துகொண்டது.

அந்தக் கால ஃபில்டரில் இன்னொரு கூத்து. எல்லா எண்ணெயும் அதற்குள் போகாது. ஒரு சின்னப் பங்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரும், மிச்சமெல்லாம் நேரே எஞ்சினுக்கு. உலகப் போரை ஜெயித்த வில்லீஸ் ஜீப்பிலும் இதே கதைதான். அந்த வம்சத்து ஜீப்புகள்தான் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து, எட்டுப் பேர் இடத்தில் பதினெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு, குமுளி மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போயின. அத்தனை உயிரையும் காத்தது ஃபில்டரா, வழியில் இருக்கிற சாமியா என்பதை விசாரிக்காமல் விடுவதே மரியாதை.

இப்போது எல்லா எண்ணெயும் ஃபில்டர் வழியாகத்தான் வருகிறது என்று நினைத்தேன். அதிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காகிதம் அடைத்துக்கொண்டால் உள்ளே ஒரு பைபாஸ் வால்வு திறந்து, அழுக்கு எண்ணெயை அப்படியே எஞ்சினுக்கு அனுப்பிவிடும். பட்டினி கிடப்பதற்குப் பழைய சோறு மேல் என்கிற தத்துவம். ஊருக்குள் நெரிசல் என்றால் லாரி வெளியே சுற்றிக்கொண்டு போகிறதல்லவா, அதேதான். ஃபில்டரை மாற்றாமல் மூன்று வருடம் ஓட்டிவிட்டு ‘நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று மார்தட்டுகிறவர்கள் வாழ்வது இந்த வால்வின் புண்ணியத்தில்.

1950-களில் வந்தது வினை. அதுவரை கிண்ணம், நீள போல்ட், ஸ்பிரிங், வளையம் என்று பழைய அம்பாசடரில் இருந்த மாதிரிதான் ஃபில்டர் இருந்தது. மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். அதை மொத்தமாக ஒரே டப்பாவாக்கி, கையால் திருகினால் போதும் என்று சுலபமாக்கினார்கள். கையால் போதும் என்றால் எந்த ஆண்பிள்ளை கேட்டிருக்கிறான்?

துணி சுற்றித் திருகினேன், வழுக்கியது. உப்புத்தாள் சுற்றித் திருகினேன், என் தோல்தான் வந்தது. பெல்ட்டைக் கழற்றிச் சுற்றினேன். டப்பா அசையவில்லை, லுங்கி அசைந்தது. இதை இவ்வளவு முறுக்கி மாட்டிய அந்த முகம் தெரியாத மெக்கானிக்கின் பரம்பரையையே விசாரித்தேன். கடைசியில் பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து டப்பாவின் வயிற்றில் குத்தி, அதையே கைப்பிடியாக்கித் திருப்பினேன். தகரம் ‘சர்ர்ர்’ என்று கிழிந்தது. கறுப்பு எண்ணெய் முழங்கை வழியாக அக்குளுக்கு இறங்கியது. இன்னொரு இடத்தில் குத்தினேன், அங்கேயும் கிழிந்தது. பத்து நிமிஷத்தில் கையில் கந்தல் தகரமும் காகிதக் கூழும்; எஞ்சினில் அடித்தட்டு மட்டும் பத்திரமாக ஒட்டிக்கொண்டு.

1888-ல் பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மா, காரைக் கண்டுபிடித்த புருஷன் தூங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு மகன்களோடு அதை ஓட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் தாண்டிப் பிறந்த வீட்டுக்குப் போனார். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியை எடுத்து ஒரு குத்து, சரியாயிற்று. அவரும் குத்தினார், நானும் குத்தினேன்.

கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடுவும் நினைவுக்கு வந்தார். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கிய கையோடு ஓட்டிப் பார்க்காமல், அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மறுபடி மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் பஸ் விட்டார். மாட்டி முடித்தபோது ஒரு போல்ட்டாவது மிச்சமானதா என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால், தமிழ்நாட்டில் ஸ்பேனர் பிடித்தவனெல்லாம் தன்னை ஜி.டி.நாயுடு என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஃபில்டர் இல்லாத வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போக முடியாது. அதனால் மெக்கானிக் பாயே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை, பெரிய மனுஷன்.

“என்ன தம்பி, காட்டுப்பன்னி கடிச்சாப்ல வச்சிருக்கீக?”

சின்ன உளியை அடித்தட்டின் ஓரத்து ஓட்டையில் சாய்த்து வைத்து, சுத்தியலால் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் தட்டினார். டொக், டொக், டொக். நாலாவது தட்டில் அது நகர்ந்தது. அப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டார். எஞ்சின் முகத்தில் பழைய ரப்பர் வளையம் கருவாடு மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்துக் காட்டினார்.

“இது இருக்கப் புதுச மாட்டிருந்தா, ரெண்டு ரப்பரும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்து, கம்பம் போறதுக்குள்ள ஆயில் பூராம் ரோட்டுல. சரி, போன தடவ மாட்டுனது யாரு? ரப்பர்ல ஒரு சொட்டு எண்ணெய் தடவாம, ஸ்பேனர் போட்டு இறுக்கிருக்கான்.”

நான் காலண்டரைப் பார்த்தேன்.

“நாந்தான் பாய்.”

பாய் ஒன்றும் சொல்லாமல் புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் எண்ணெய் தடவினார். கையாலேயே சுற்றினார். ரப்பர் தொட்டதும் இன்னொரு முக்கால் சுற்று, அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் டீ குடிக்க உட்கார்ந்தார், முதுகை எனக்குக் காட்டி. நான் மெல்ல வண்டிக்கடியில் கையை விட்டேன். சும்மா ஒரு கால் சுற்று, ஒரு திருப்திக்கு...

“தம்பி,” என்றார் பாய், திரும்பாமலே.