கேளுங்கள், பூசப்படும்!

வேடத்துக்குச் செய்த ஃபோம் கவசத்தை எதற்குச் சீல் செய்ய வேண்டும்? நேரே பெயின்ட் அடித்தால் ஆகாதா?
– அவசரக்காரன், திருச்சி

அடிக்கலாம். ஃபோம் குடித்தது போக மிச்சம் இருந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஈ.வி.ஏ. ஃபோம் என்பது கோடிக்கணக்கான காற்றுக்குமிழிகள் அடைபட்ட பிளாஸ்டிக். ஷீட்டின் மேல்தோல் இருக்கும்வரை தொல்லை இல்லை. கத்தி போட்ட இடத்திலும் உப்புத்தாள் தேய்த்த இடத்திலும் குமிழிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பெயின்ட் அதற்குள் இறங்கித் திட்டுத்திட்டாகக் காயும். அந்த வாய்களை அடைப்பதற்குப் பெயர்தான் சீல். முதலில் சூடு, அடுத்து பூச்சு, கடைசியில் பெயின்ட். வரிசையை மாற்றினால் மூன்றும் வீண்.

என் மகன் என்னுடைய ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போய்க் கவசத்துக்குச் சூடு காட்டுகிறான். சரியா?
– தலை காயாத அம்மா, ஈரோடு

திருப்பி வாங்கிவிடுங்கள். தலைமுடியைக் கருக்காமல் இருக்கவே வடிவமைத்த கருவி அது. ஃபோமைக் கொஞ்சம் இளக்கலாம், குமிழிகளை மூடாது. அதற்கு ஹீட் கன் வேண்டும். அதிலிருந்து வரும் காற்று சில நூறு டிகிரிக்குப் போகும் என்பதால் பையனுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது. ஒட்டுவதற்கு முன்பே சூடு காட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு காட்டினால் பசை இளகி, தோள்பட்டை முழங்கைக்கு இறங்கிவிடும்.

ஹீட் கன் வாங்கிவிட்டேன். எவ்வளவு சூடு போதும் என்று எப்படித் தெரியும்?
– புது முதலாளி, ஓசூர்

கண்ணே சொல்லிவிடும். கையை ஓர் இடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே போங்கள். மங்கலாக இருந்த மேற்பரப்பு ஒரு கணத்தில் லேசாக மினுங்கும். அதுதான் அடையாளம், உடனே அடுத்த இடத்துக்கு நகருங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நின்றால் அப்பளம் மாதிரிக் கொப்புளிக்கும்.

ஒரு வித்தை சொல்கிறேன். சூடு காட்டுவதற்கு முன், கத்தியால் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு கீறி வையுங்கள். பார்த்தால் கீறலே தெரியாது. சூடு பட்டதும் அது வாய் பிளந்து, இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்த இடுக்கு போல நிற்கும். கவசத்தின் அத்தனை சித்திர வேலையும் இந்தக் கீறலில்தான் இருக்கிறது.

பூச்சுக்கு வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டுமா? வீட்டில் ஃபெவிகால் இருக்கிறது.
– சிக்கனம், காரைக்குடி

1959-இல் வந்த அந்த வெள்ளைப் பசை உங்கள் ஊர்த் தச்சரை மட்டுமல்ல, உங்களையும் காப்பாற்றும். முதல் பூச்சுக்குத் தண்ணீர் கலந்து நீர்க்க அடியுங்கள், ஃபோமின் துளைகளில் இறங்கட்டும். அடுத்தடுத்த பூச்சுகள் மெல்லிசாக இருக்கட்டும். ஈரமாக இருக்கையில் பால் வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. வெள்ளை துளி தெரிந்தாலும் அடுத்த கை போடாதீர்கள். ஒரு குறை உண்டு, தண்ணீர் பட்டால் இளகும். வியர்வையும் தண்ணீர்தான். ஆகவே மேலே அக்ரிலிக் பெயின்ட்டும் வார்னிஷும் கட்டாயம்.

வெளிநாட்டுக்காரர்கள் ‘பிளாஸ்டி டிப்’ என்ற ரப்பர் பூச்சை அடிக்கிறார்கள். 1972-இல் கட்டிங் பிளேயர் போன்ற கருவிகளின் கைப்பிடியை முக்கி எடுப்பதற்காக வந்தது அது. கவசக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பளபளப்பு இல்லை, வளைந்தால் விரிசல் விடாது என்பதுதான்.

எனக்குக் கவசம் கல் மாதிரி இருக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் ரெசின் பூசிவிடட்டுமா?
– வஜ்ரதேகி, மதுரை

எந்தப் பாகத்துக்கு? தலைக்கவசத்துக்கென்றால் பூசலாம், அது வளைய வேண்டியதில்லை. வயிற்றுப் பகுதிக்கென்றால் வேண்டாம். நீங்கள் உட்காரும்போது உள்ளே இருக்கும் ஃபோம் வளையும், மேலே இருக்கும் ரெசின் வளையாது. நடுவில் ‘படக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். வளைகிற இடத்துக்கு வளைகிற பூச்சு, நிற்கிற இடத்துக்கு நிற்கிற பூச்சு. இந்தத் தொழிலில் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

கனத்துக்கும் ஆசைப்படாதீர்கள், கட்டைக்கூத்துக் கலைஞர்களைப் பாருங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செய்து, வண்ணம் தீட்டிக் கண்ணாடித் துண்டு பதித்துக்கொள்கிறார்கள். விடிய விடிய ஆட வேண்டியவருக்குக் கனம் உதவாது. கவசம் இரும்பாகத் தெரிந்தால் போதும், இரும்பாக இருக்க வேண்டியதில்லை.

ஒட்டிய இடம் தழும்பு மாதிரித் தெரிகிறது. கார் பட்டறையில் வைக்கும் பட்டியை வைத்து மூடலாமா?
– டிங்கர், கோவை

உங்கள் பட்டி தகரத்துக்குப் பழகியது. ஃபோம் மேல் வைத்தால் முதல் அணைப்பிலேயே உதிரும். குளியலறை இடுக்கில் வைக்கும் அக்ரிலிக் ஃபில்லரை வையுங்கள், ஈர விரலால் ஒரே இழுப்பில் வழியுங்கள். காய்ந்த பிறகு தேய்க்கலாம் என்று விடாதீர்கள், அது தேயாது, திரியும். தேய்க்கும் வேலை ஃபோமோடு முடியட்டும். 120, பிறகு 220, பிறகு 400 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போங்கள்.

தெர்மாகோலில் செய்த கிரீடத்துக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். கிரீடத்தைக் காணவில்லை!
– முடியிழந்த மன்னன், திண்டுக்கல்

ஆழ்ந்த அனுதாபங்கள். ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் தின்னர் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பாலியெஸ்டர் ரெசினும் அப்படித்தான், எபாக்ஸி கரைக்காது. அடுத்த ஆட்சியில் முதலில் ஃபெவிகாலோ சுவர் எமல்ஷனோ இடைவெளியில்லாமல் இரண்டு மூன்று கை அடித்துவிட்டுப் பிறகு ஸ்ப்ரேயைத் தொடுங்கள். ஊசிமுனை அளவு விட்டாலும் அந்த வழியாகவே பள்ளம் பறிக்கும்.

ஐப்பசியில் அடித்த வார்னிஷ் வெள்ளை பூத்துவிட்டது. யார் கண் பட்டது?
– திருஷ்டி, கடலூர்

வருண பகவான் கண். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்றின் நீர் அதில் படிந்துவிடுகிறது. அடைமழை நாளில் ஸ்ப்ரேக்கு விடுமுறை விடுங்கள். பூசணிக்காயைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஆனாலும் தலை சுற்றுகிறதே?
– கிறுகிறு, ஆவடி

இதற்கு நகைச்சுவை கிடையாது. துணி மாஸ்க்கும் என்-95-உம் தேய்க்கும் தூசிக்கு மட்டும்தான். ஒட்டும் பசையின் டொலுயீன் ஆவியை அவை தடுக்காது. ஆவிக்கென்றே கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் கொண்ட மாஸ்க் இருக்கிறது, அதை வாங்குங்கள். காற்றோட்டமான மொட்டைமாடியில் வேலை செய்யுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

இந்த வேடப் பைத்தியத்தை முதலில் ஆரம்பித்தவர் யார்?
– மாமனார், சேலம்

1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் எதிர்கால மனிதர் வேடத்தில் போனார். அவர் உடையைத் தைத்தவர் கூடவே வேடமிட்டு வந்த மர்ட்டில் டக்ளஸ். இப்படி வேடமிட்ட ரசிகர்கள் கூடும் காமிக் கான் சென்னைக்கு 2024-இல்தான் வந்தது. உங்கள் மாப்பிள்ளை மிகவும் பொறுமைசாலி என்று தெரிகிறது.

வெள்ளி நிறமா, கறுப்பா? எது குறையை மறைக்கும்?
– இருமனம், தஞ்சாவூர்

மங்கலான கறுப்பு கொஞ்சம் மறைக்கும். வெள்ளி எதையும் மறைக்காது, ஒவ்வொரு கீறலையும் விளக்கு போட்டுக் காட்டும். பளபளப்பை மேலே தேடாதீர்கள், அது கீழே நீங்கள் தேய்த்த தேய்ப்பில் இருக்கிறது. தேய்க்கச் சோம்பலா? அங்கங்கே கருமையைத் தடவித் துடைத்துவிட்டு, ‘போர்த்தழும்பு’ என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

கர்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?
– கவசதாரி, நெல்லை

அவருக்குக் கூடவே பிறந்தது, ப்ரைமர் தேவைப்படவில்லை. உங்களுக்கு ஒரு வசதி, யார் வந்து கேட்டாலும் வலிக்காமல் கழற்றிக் கொடுக்கலாம்.

என் வேலை தேறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவன், புதுச்சேரி

யாராவது ஒருவர் அனுமதி கேட்காமல் வந்து விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று வருமென்று நினைத்த இடத்தில் ‘பொத்’ என்று வரும். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள், அதில் இருக்கிறது உங்கள் மதிப்பெண்.